மருந்து ரெடி... ஆம்பிளைங்க எங்கே? தெருமுனை ஆஸ்பத்திரியில் எய்ட்ஸ் தடுப்பு பலிக்குமா?

சென்னை—

எய்ட்ஸ் என்றால் ஒரு காலத்தில் சாவு ஓலை! இன்று அப்படி இல்லை. பரிசோதனை இலவசம். மாத்திரை இலவசம். ஒழுங்காகச் சாப்பிட்டால் மற்றவர்களைப் போல் வாழலாம். அப்புறமும் நோய் ஏன் ஒழியவில்லை?

மத்திய அரசின் 2023-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி நாட்டில் எச்.ஐ.வி. கிருமியுடன் வாழ்பவர்கள் சுமார் 25 லட்சம் பேர். அந்த ஒரே ஆண்டில் புதிதாகத் தொற்றியது சுமார் 68 ஆயிரம் பேருக்கு. உடம்பில் கிருமி இருப்பதே தெரியாமல் நடமாடுகிறவர்களும் லட்சக்கணக்கில் உண்டு. ஆபத்து அங்கேதான்!

சென்னையில் ஆரம்பம்

இந்தியாவில் இந்தக் கிருமியை முதன்முதலில் கண்டுபிடித்தது 1986-ல், சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர். 2004 ஏப்ரலில் அரசு இலவச மாத்திரை கொடுக்கத் தொடங்கியபோது முதல் மையங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. நோயாளிகள் எங்கெங்கிருந்தோ ரயிலேறி வந்தார்கள்.

இப்போது அந்த அலைச்சல் குறைந்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரிகளில் 'நம்பிக்கை மையம்' இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். சந்தேகம் வந்தால் நம்பிக்கை மையத்தில் மறுபடி சோதித்து உறுதி செய்வார்கள்.

தாய்மார்கள் ஜெயித்தது எப்படி?

கிருமி உள்ள தாய்க்குச் சிகிச்சை இல்லாவிட்டால், நூற்றில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றும். சிகிச்சை கொடுத்தால் ஐந்துக்கும் கீழே! கர்ப்பிணிகளுக்கு சர்க்கரை, ரத்தப் பிரிவு பார்க்கும்போதே இதையும் பார்த்து விடுகிறார்கள். தனி வரிசை இல்லை, தனி போர்டு இல்லை. அதனால் வெட்கத்துக்கும் வேலை இல்லை.

ஆம்பிளைகளுக்கு அந்த வாய்ப்பு ஏது? கடையைப் பூட்டினால் வியாபாரம் போச்சு. ஆபீசில் லீவு கேட்டால் "எதுக்கு?" என்பார்கள். "தெரிஞ்சவங்க யாராவது பாத்துட்டா?" என்ற பயம் வேறு. வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் தெருமுனை ஆஸ்பத்திரியின் பலம். அதுவேதான் பலவீனமும்!

சட்டம் இருக்கிறது

2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, ஒருவருடைய சம்மதம் இல்லாமல் ரிசல்ட்டைப் பொதுவாக வெளியே சொல்லக் கூடாது. கிருமி இருக்கிறது என்பதற்காக நியாயமில்லாமல் வேலையை விட்டுத் தூக்கவும் முடியாது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

வருகிறது புது ஊசி

தொற்று வராமல் தடுக்க 'லெனகாபவிர்' என்ற ஊசி வந்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட்டால் போதும். தென்னாப்பிரிக்கா, உகாண்டாவில் இதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூட கிருமி தொற்றவில்லை என்று 2024-ல் தெரிய வந்தது. 2025 ஜூலையில் உலக சுகாதார நிறுவனமும் சிபாரிசு செய்தது. ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்கு 40 டாலர் விலையில் 2027 முதல் தருவதற்கு ஐதராபாத் கம்பெனிகள் இரண்டு முன்வந்துள்ளன.

ஆனால் ஊசிக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை கட்டாயம்! அதாவது, பழைய கதவையே தட்டியாக வேண்டும்.

அந்தக் கதவை சாயங்காலம் வேலை விட்ட பிறகும் திறந்து வைக்கலாம். பி.பி., சர்க்கரைக்கு வருகிறவர்களோடு ஒரே டோக்கன், ஒரே வரிசை என்று ஆக்கலாம். ஊழியர்கள் வாயைக் கட்டிக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். இதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டியதில்லை.

நேரில் போகத் தயக்கமா? 1097-க்குப் போன் போட்டால் விவரம் சொல்வார்கள். காசு கிடையாது.

பெண்கள் வரிசையில் நின்று குழந்தைகளைக் காப்பாற்றிவிட்டார்கள். இனி நிற்க வேண்டியது யார்?