புதிய தலையெழுத்து

கடம்பத்தூர், மணவூர், திருவாலங்காடு பக்கத்துக் கிராமங்களில் ஒரு பிள்ளை கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமலிருந்தாலும், ஓரிடத்தில் உட்காராமல் ஓடிக்கொண்டிருந்தாலும், பத்துப் பிள்ளைகளோடு சேராமல் தனியே நின்றாலும் பெற்றோருக்கு முதலில் சொல்லப்படுகிற வைத்தியம் என்ன என்பது நமது வாசகர்கள் அறியாததல்ல. தாயத்துக் கட்டு என்கிறார் ஒருவர். சோளிங்கருக்குக் கூட்டிப் போனால் காற்று கருப்பு ஓடிவிடும் என்கிறார் மற்றொருவர். அமாவாசையன்று திருவள்ளூர் வைத்திய வீரராகவர் குளத்தில் வெல்லம் கரைத்தால் நோயும் கரைந்துபோகும் என்கிறார் மூன்றாமவர். ஒன்றும் பலிக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது "தலையெழுத்து". அதோடு, பெற்றவள் முற்பிறப்பில் செய்த பாவம் என்ற பழியும்.

இந்தப் பித்தலாட்டங்களைப் பற்றி நாம் புதிதாகச் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. இன்று சொல்ல வந்தது, இவைகளிலிருந்து தப்பித்து வந்த பெற்றோர் போய் விழுகிற இன்னொரு குழியைப் பற்றியதாகும்.

கோயிலை விட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த தகப்பனிடம் ஐந்து நிமிஷத்தில் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கப்படுகிறது. அதில் "ஆட்டிசம்" என்றிருக்கும், அல்லது "ஏ.டி.எச்.டி." என்றிருக்கும். முன்னது, பிறரோடு பழகுவதிலும் பேச்சிலும் வேறுபாடும், ஒன்றையே பற்றிக்கொண்டு திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கமும் உள்ள நிலை. பின்னது, கவனம் நில்லாமையும், அடங்காத துறுதுறுப்பும், யோசியாமல் பாய்வதும் உள்ள நிலை. இரண்டும் பிறவியிலேயே மூளை வளரும் விதத்தில் ஏற்படும் வேறுபாடுகள், பேயுமல்ல, பாவமுமல்ல. ஆனால் எது எந்தக் குழந்தைக்கு என்று ஐந்து நிமிஷத்தில் எழுதப்பட்ட சீட்டுக்கும், ஜோசியன் எழுதிய ஜாதகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம்.

ஏனெனில் இவ்விரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றக்கூடியவை. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, மனிதக் குரலைவிட மின்விசிறியின் சுழற்சியில் மனம் லயித்திருப்பதால் திரும்பாமலிருக்கலாம். அது ஆட்டிசத்தில் காண்பது. மனம் வேறெங்கோ ஓடிவிட்டதால் திரும்பாமலிருக்கலாம், அது ஏ.டி.எச்.டி.யில் காண்பது. இரண்டுமில்லாமல், காது கேளாததாலும் திரும்பாமலிருக்கலாம்! பிறர் பேசும்போது குறுக்கே பாய்ந்து பேசும் பிள்ளை, பொறுக்கமுடியாமல் பேசுகிறதா, எப்போது பேசவேண்டுமென்ற ஜாடை புரியாமல் பேசுகிறதா? தரையில் விழுந்து புரண்டு அழும் பிள்ளை, காத்திருக்க மாட்டாமல் அழுகிறதா, தினமும் போகும் வழியை விட்டு வேறு வழியில் கூட்டிப்போனதற்காக அழுகிறதா? சேர்ந்து விளையாடாத பிள்ளைக்கு, சேரத் தெரியவில்லையா, சேர்ந்தபின் முறைக்காகப் பொறுக்கத் தெரியவில்லையா? செய்கை ஒன்று, காரணம் வேறு. உடம்பு சுட்டால் எல்லாம் மாரியாத்தாள் என்று சொன்னவனை நாம் பரிகசித்தோமே! ஓடுகிற பிள்ளையெல்லாம் ஏ.டி.எச்.டி., ஒதுங்குகிற பிள்ளையெல்லாம் ஆட்டிசம் என்பது அதே அறிவுதானே?

காய்ச்சலுக்காவது இரத்தத்தைச் சோதித்துக் காரணம் காணலாம். இவைகளுக்கு இரத்தப் பரீட்சையோ எக்ஸ்ரேயோ கிடையாது. பொறுமையாகப் பார்ப்பதும், வீட்டாரையும் வாத்தியாரையும் கேட்பதுந்தான் பரீட்சை. அதாவது இங்கு நேரமே கருவியாகும். நேரம் கொடாத டாக்டர், கருவியில்லாமல் வைத்தியம் பார்க்கிறவரே ஆவார்.

நிற்க, விஞ்ஞானிகளே இவ்விஷயத்தில் எளிதில் தெளிவடைந்துவிடவில்லை. அடங்காத பிள்ளைகளைப் பற்றி 1902-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற டாக்டர் பேசினார். ஆட்டிசக் குழந்தைகளை 1925-ம் வருஷத்திலேயே மாஸ்கோவில் குருன்யா சுகரேவா என்ற பெண் டாக்டர் கண்டு எழுதியும், 1943-ல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய அமெரிக்க டாக்டர் லியோ கன்னரின் பெயரே உலகில் நிலைத்தது. பின்னர் அமெரிக்க மனநல டாக்டர்கள் சங்கத்தார், உலகத்து டாக்டர்கள் பலரும் பின்பற்றும் தங்கள் நோய்க்குறிப்புப் புஸ்தகத்தின் 1994-ம் வருஷப் பதிப்பில், ஆட்டிசம் என்று எழுதிய குழந்தைக்கு ஏ.டி.எச்.டி.யும் சேர்த்து எழுதலாகாது என்று விதி வைத்தார்கள். இரண்டும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருப்பதை டாக்டர்களும் பெற்றோரும் பிரத்தியட்சமாகக் கண்டுவந்ததால், 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் அவ்விதியை எடுத்துவிட்டார்கள். இன்று இரண்டும் சேர்ந்திருப்பது சகஜம் என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம்.

பத்தொன்பது வருஷம் தப்பான விதி இருந்ததே, இதுவா உங்கள் விஞ்ஞானம் என்று பழமைவாதிகள் கேட்கலாம். ஆம், இதுதான் விஞ்ஞானம். தப்பென்று கண்டதும் புஸ்தகத்தைத் திருத்தினார்கள். மனுதர்மத்தில் ஒரு வரியையாவது அதை நம்புகிறவர்கள் இப்படித் திருத்தியதுண்டா? ஆனால் திருத்திய புஸ்தகத்தைப் படியாமல் பழைய விதியையே இன்றும் பிடித்துக்கொண்டிருக்கும் டாக்டர் எவரேனும் இருந்தால், அவர் கையிலிருப்பதும் சாஸ்திரமே தவிர விஞ்ஞானமல்ல.

பெயர் எதுவானால் என்ன, பிள்ளை ஒன்றுதானே என்று சிலர் சொல்லக்கூடும். பெயரிலேதான் பிள்ளையின் வாழ்வு இருக்கிறது. ஏ.டி.எச்.டி.க்கு மெதில்பெனிடேட் முதலிய மருந்துகள் உண்டு. டாக்டர் பார்வையில் கொடுத்தால் அநேகருக்குப் பலன் தருகின்றன. ஆட்டிசத்தின் அடிப்படையை மாற்ற மருந்து கிடையாது. பேச்சும் பழக்கமும் தினசரிக் காரியமும் பயிற்சியால் சொல்லித்தர வேண்டியவை. அதுவும் சிறு வயதிலேயே தொடங்கினால் நல்லது. முதலில் ஏ.டி.எச்.டி. என்று எழுதப்பட்ட குழந்தைகளுக்கு ஆட்டிசமும் இருப்பது, மற்றக் குழந்தைகளைவிடச் சுமார் மூன்று வருஷம் பிந்தியே தெரியவந்ததாக 2015-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. மூன்று வயதுப் பிள்ளைக்கு மூன்று வருஷம் என்பது அது அதுவரை வாழ்ந்த ஆயுள் முழுவதற்கும் சமமல்லவா? சட்டத்திலும் இப்படியே. 2016-ம் வருஷத்திய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறும் 21 வகைகளில் ஆட்டிசம் உண்டு, ஏ.டி.எச்.டி. இல்லை. ஆகவே தப்பான சீட்டு ஒரு பிள்ளையின் உரிமையையே பறித்துவிடக்கூடும்.

இதில் அதிகம் அநியாயத்துக்கு உள்ளாகிறவர்கள் பெண் குழந்தைகளே. ஆண் பிள்ளை ஓடினால் டாக்டரிடமாவது கூட்டிப் போகிறார்கள். பெண் பிள்ளை மூலையில் உட்கார்ந்து மனம் எங்கோ போய்க் கிடந்தால், "அடக்க ஒடுக்கமான பெண்" என்று மெச்சுகிறார்கள்! படிப்பு வராவிட்டால் "பெண்ணுக்கு எதற்குப் படிப்பு" என்கிறார்கள். கடைசியில் "கல்யாணம் செய்தால் சரியாய்ப் போகும்" என்று யாரோ ஒருவன் கையில் பிடித்துக் கொடுக்கிறார்கள். பெண்ணடிமைத்தனம் ஒரு நோயை மறைக்கும் திரையாகவும் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன ருஜு வேண்டும்?

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்கும், நம் ஜில்லாவின் செங்கல் சூளைகளுக்கும் ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளையும் மறக்கலாகாது. தமிழ் தெரியாத பிள்ளை தமிழில் கூப்பிட்டால் எப்படித் திரும்பும்? அதன் பாஷை அறிந்த ஒருவரை வைத்துக்கொள்ளாமல் அதற்கு ஒரு பெயரிடுவது வைத்தியமாகாது.

இனிச் செய்யவேண்டியது என்ன? பெற்றோருக்கு நாம் சொல்வது இது: முதலில் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். பிள்ளை வீட்டிலும் பள்ளியிலும் என்ன செய்கிறது, எப்போது செய்கிறது, அதற்குமுன் என்ன நடந்தது என்பதை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதிக்கொண்டு போங்கள். ஆட்டிசத்தை அளக்க நம் தேசத்திலேயே நாற்பது அம்சங்கள் கொண்ட அளவுகோல் இருக்கிறது. அதைக் கொண்டு பார்த்தீர்களா என்று கேளுங்கள். "எதைக் கண்டு இப்படிச் சொல்கிறீர்கள்? இன்னொன்றும் சேர்ந்திருக்குமா?" என்று கேளுங்கள். டாக்டரிடம் கைகட்டி நின்று "சாமி, நீங்கள் சொன்னால் சரி" என்று வருவது, பூசாரியிடம் விபூதி வாங்கி வருவதைப் போன்றதே. சுயமரியாதை கோயில் வாசலோடு முடிந்துவிடுவதல்ல. ஆஸ்பத்திரி வாசலிலும் அது வேண்டும். நல்ல டாக்டர் இக்கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார். டாக்டரே வேண்டாம் என்று நாம் சொல்வதாக யாரும் அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். அப்படிச் செய்கிறவர்கள் மறுபடியும் தாயத்துக்கோ, ஆட்டிசத்தைப் போக்கும் என்று நிரூபணமாகாத ஸ்டெம்செல் ஊசிக்கோதான் பணத்தைக் கொட்டுவார்கள்.

உபாத்தியாயர்களுக்கும் ஒரு வார்த்தை. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக்கூடாது, அடிக்கவும் கூடாது என்று 2009-ம் வருஷத்திய கட்டாயக் கல்விச் சட்டம் சொல்கிறது. "உங்கள் பிள்ளைக்கு வேறு பள்ளி பாருங்கள்" என்று நயமாகச் சொல்லி அனுப்புவதும் வெளியேற்றுவதேயாகும்.

சர்க்காருக்குச் சொல்ல வேண்டியதே முக்கியம். பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குழந்தைகளைச் சோதித்து, ஜில்லா மையத்துக்கு அனுப்பும் திட்டம் 2013-லேயே ஏற்பட்டது. 2022-ல் திருவள்ளூரில் மருத்துவக் கல்லூரியும் திறந்தாயிற்று. முட்டுக்காட்டில் 2005 முதல் மத்திய சர்க்காரின் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. ஆனால் காக்களூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை செய்கிற தகப்பன், கடம்பத்தூரில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, பஸ் மாறி முட்டுக்காடு போய்வர ஒரு நாள் கூலியை இழக்கவேண்டும். பயிற்சியோ வாரந்தோறும் வேண்டியது. ஆகவே, சோதிப்பதோடு நில்லாமல், பேச்சுப் பயிற்சியும் நடத்தைப் பயிற்சியும் தருகிறவர்கள் ஒவ்வொரு ஒன்றியத்திலும் குறிப்பிட்ட கிழமையில் வந்து இருக்கும்படி ஏற்பாடு செய்யவேண்டும். ஒரு குழந்தைக்கு இவ்வளவு நேரம் என்று விதி வைக்கவேண்டும். எழுதிய பெயரை வருஷத்துக்கு ஒருமுறையாவது மறுபடி சோதிக்க வேண்டும். ஏ.டி.எச்.டி.யைச் சட்டத்தின் பட்டியலில் சேர்ப்பதைப் பற்றியும் மத்திய சர்க்கார் ஆலோசிக்க வேண்டும்.

கோடி ரூபாய் செலவிட்டுக் கும்பாபிஷேகம் செய்ய ஊருக்கு ஊர் கமிட்டி இருக்கும்போது, வாரம் ஒருநாள் ஒரு பயிற்சியாளரை வரவழைக்கக் கேட்பதற்கு ஒரு கமிட்டி இல்லாமற்போவானேன்? கடம்பத்தூர் ஒன்றியத்துத் தோழர்கள் தங்கள் ஊர்க் கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம். பிரம்மன் எழுதினான் என்ற தலையெழுத்தை அழிக்கப் பாடுபட்ட நாம், அவசரத்தில் ஒரு மனிதன் எழுதிய தலையெழுத்துக்கு நம் குழந்தைகளை விட்டுவிடலாமா?