5 வருஷம், ரெண்டு டிகிரி: ஆஸ்பத்திரி நிர்வாகப் படிப்பில் விஸ்வநத்தம் பெற்றோர் கவனிக்க வேண்டியது

சிவகாசி,

பிளஸ்-2 ரிசல்ட் வந்தால் போதும். விஸ்வநத்தம் பக்கம் பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போகிற வீடுகளில் செல்போன் அடிக்கத் தொடங்கிவிடும். 'நீட் இல்லேன்னா என்ன, ஆஸ்பத்திரி நிர்வாகம் படிக்கலாம். 5 வருஷம், ரெண்டு டிகிரி' என்று தனியார் கல்லூரிகள் வலை வீசுகின்றன. மார்க் எடுக்க நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேர்ச்சியில் பல ஆண்டு மாநில முதலிடம் பிடித்த மாவட்டம் இது. எதில் சேர்ப்பது என்பதில்தான் பெற்றோர் தடுமாறுகிறார்கள்.

இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த 'இன்டகிரேட்டட்' படிப்பு என்றதும் ஒரு வருஷம் மிச்சம் என்று சிலர் நினைக்கிறார்கள். பி.பி.ஏ. 3, எம்.பி.ஏ. 2. தனித்தனியாகப் படித்தாலும் அதே 5 தான். மிச்சமாவது நடுவில் எழுதும் ஒரு நுழைவுத்தேர்வு மட்டும். அதற்காக, 17 வயசில் எடுத்த முடிவுக்கு 5 வருஷம் கட்டுப்பட வேண்டும்.

நடுவில் பணம் நின்றால்?

இதுதான் இந்த ஊருக்கு முக்கியமான கேள்வி. 2018 அக்டோபர் 23-ந்தேதி பேரியத்துக்கும் சரவெடிக்கும் சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டது. அடுத்து பல மாதம் ஆலைகள் மூடிக்கிடந்தன, வாரக் கூலி இல்லை. அப்படி ஒரு வருஷம் மறுபடி வந்து, நாலாம் வருஷ பீஸ் கட்ட முடியாமல் போனால் கையில் ஒரு டிகிரியாவது மிஞ்சுமா? 2011-ல் 5 வருஷ நிர்வாகப் படிப்பைத் தொடங்கிய இந்தூர் ஐ.ஐ.எம்.மில், 3 வருஷத்தோடு விலகினால் இளநிலைப் பட்டம் உண்டு. எல்லாக் கல்லூரியிலும் அப்படி என்று நம்பிவிட முடியாது. வாய்ப்பேச்சு உதவாது, விதியை எழுத்தில் வாங்கிப் பார்க்க வேண்டும்.

அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண் திட்டமும் முதுநிலைக்குக் கிடையாது. கல்விக் கடன் ரூ.7½ லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பெரும்பாலும் சொத்து ஜாமீன் கேட்கும்.

வேலை எங்கே?

விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தாச்சு, அங்கே மேனேஜர் ஆகலாம் என்று கனவு காண்பவர்களும் உண்டு. அங்கே டீன், கண்காணிப்பாளர் எல்லாம் டாக்டர்கள்தான். ஆபீஸ் வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. எழுத வேண்டும். தேசிய சுகாதார இயக்கத்தில் தர ஆலோசகர் போன்ற சில இடங்களுக்கு இந்தப் படிப்பைக் கேட்கிறார்கள், ஆனால் அவை ஒப்பந்த வேலை. மற்றபடி மதுரை, கோவை, சென்னை தனியார் ஆஸ்பத்திரிகளும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும்தான்.

வேலை லேசானது அல்ல. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் அனுமதி வாங்குவது, பில், மருந்து ஸ்டாக், டூட்டி பட்டியல், தரச்சான்றுக்கான ரெக்கார்டு என்று நீளும். 2012 செப்டம்பர் 5-ந்தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீக்காயம் பட்டவர்களைச் சிவகாசிக்கும் மதுரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த மாதிரி நாளில் எந்த வார்டில் படுக்கை காலி, ரத்தம் எங்கே, ஆம்புலன்ஸ் எத்தனை என்று ஓடிப் பார்க்கிறவர்தான் நிர்வாகி.

மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கியது. 1992-ல் ஆரம்பித்த அதன் லைக்கோ பயிற்சி மையத்துக்கு வெளிநாட்டுக்காரர்களே வந்து நிர்வாகம் கற்றுக்கொண்டு போகிறார்கள். தொழிலில் சரக்கு இல்லாமலா?

அவசரப்படத் தேவையில்லாத வழியும் இருக்கிறது. சிவகாசியிலேயே அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963-ல் இருந்தும், எஸ்.எப்.ஆர். மகளிர் கல்லூரி 1968-ல் இருந்தும் நடக்கின்றன. வீட்டில் இருந்தே பஸ்சில் போய் 3 வருஷம் படித்து, லீவில் ஒரு ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்ட்டரில் நின்று பார்க்கலாம். பிடித்திருந்தால் டான்செட் எழுதி எம்.பி.ஏ. போகலாம். பிடிக்காவிட்டாலும் கையில் ஒரு டிகிரி இருக்கும்.