சோப்புப்பெட்டியின் பூர்வீகம்

மைசூரின் பழைய வீட்டுப் பரண் ஒன்றில் அகப்படும் பிளாஸ்டிக் சோப்புப்பெட்டி எவ்வூரில், எவ்வாண்டில் வார்க்கப்பட்டது என வினவினால் விடை கூறுவார் அரியர். பித்தளைச் செம்பின் வயதை ஆராய்வோர் உளர். பிளாஸ்டிக்கைப் பழம்பொருளாக மதிப்போர் மிகச் சிலரே. இப்பாகுபாடு விஞ்ஞானத்திற்கு ஒவ்வாதது.

முதற்கண் மூலப்பொருளைத் தெளிதல் வேண்டும். 1907ஆம் ஆண்டில் பேக்லாந்து கண்ட பேக்கலைட், ஒருமுறை இறுகியபின் வெப்பத்தால் இளகுவதில்லை. வெந்நீரில் நனைத்துத் தேய்த்தால் கார்பாலிக் நெடி வீசும். பாலிஸ்டைரீன் நன்னீரில் அமிழ்ந்து, செறிந்த உப்புநீரில் மிதக்கும். பாலிதீன் நன்னீரிலேயே மிதக்கும். (காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்ப்பாரும் உளர், சான்றையே சிதைக்கும் அச்சோதனை வேண்டா.) அடியில் சிறு தழும்பொன்று காணப்படின், இளகிய பிளாஸ்டிக் அவ்வழியே அச்சினுள் செலுத்தப்பட்டது என அறியலாம்.

பொறித்த எழுத்துக்களே பெரிதும் ஏமாற்றுவன. மைசூர் மாநிலம் 1973 நவம்பர் 1ஆம் நாள் கர்நாடகம் எனப் பெயர் பெற்றது. ஆயினும் பழம்பெயர் தாங்கிய பெட்டி அந்நாளுக்கு முந்தியதே எனத் துணிதல் கூடாது. எஃகு அச்சு பல்லாண்டுகள் உழைக்கும். கைமாறி வேறொரு தொழிற்கூடத்திற்கும் செல்லும். அதில் செதுக்கிய பெயரோ அப்படியே நிற்கும். மாறாக, 1972 ஆகஸ்டு 15இல் நடைமுறைக்கு வந்த ஆறிலக்க அஞ்சல் குறியீட்டெண் காணப்படின், அப்பெட்டி அதற்கு முன் வார்க்கப்பட்டதாக இருக்க இயலாது. நம் நாட்டில் பாலிஸ்டைரீன் உற்பத்தி 1957இல் தொடங்கியதையும் எல்லையாகக் கொள்ளலாகாது. மூலப்பொருளை அயல்நாட்டிலிருந்தும் தருவிக்கலாம் அன்றோ?

ஆகவே, அச்சுக்களும் அவற்றின் வரைபடங்களும் விற்பனைப் பட்டியல்களுமே ஐயமறுக்கும் சான்றுகள். தொழிற்கூடம் மூடப்பட்டால் அச்சு பழைய இரும்பாக எடைக்குப் போகின்றது. காகிதங்கள் அதற்கும் முன்னரே போய்விடுகின்றன.

1968இல் சென்னையில் தோன்றிய சிப்பெட் என்னும் மத்திய நிறுவனத்தின் மைசூர் நிலையம் ஹெப்பாள் தொழிற்பேட்டைப் பகுதியில் இயங்குகின்றது. பிளாஸ்டிக் வார்ப்பும் சோதனையும் கற்பிக்கும் அத்தகைய நிலையத்தில் ஓர் அறையை இப்பணிக்கு ஒதுக்குதல் தகும். கைவிடப்படும் அச்சு ஒவ்வொன்றிலும் கடைசியாக ஒரு மாதிரி வார்த்து, அதை வரைபடத்துடன் அங்கே வைக்கலாம். அச்சுச் செதுக்கிய முதிய கைவினைஞர் கூறுவனவற்றையும் உடனே பதிவு செய்தல் வேண்டும். எந்த அச்சு யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்பதை அவர்களன்றி வேறெவர் உரைக்க வல்லார்?