ஓரத்தை வெட்டாதீர்கள்

35 எம்எம் நெகட்டிவை வீட்டிலேயே டிஜிட்டலாக்கும் வேலை நம் வாசகர்கள் பலருக்கும் கைவந்துவிட்டது. ஒரு ஸ்டாண்டு, மேக்ரோ லென்ஸ், கீழே ஒரு லைட் பேனல் இருந்தால் போதும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமராவில் 36 மில்லிமீட்டர் அகலத்துக்கு 6000 பிக்சல் கிடைக்கிறது. 4000 டிபிஐ ஃபிலிம் ஸ்கேனர்கள் தந்ததைவிட இது குறைவில்லை. கூர்மைக்குப் பஞ்சமில்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன். என் கவலை ஃபிலிமின் ஓரத்தைப் பற்றியது.

ஹோல்டரில் மாட்டியதும் 24க்கு 36 படம் மட்டும் தெரியும். துளைகளும் எழுத்துகளும் உள்ள ஓரம் மறைந்துவிடும். பலர் அதைக் குப்பையாகவே நினைக்கிறார்கள். எனக்கோ கலர் நெகட்டிவில் முதலில் பார்க்க வேண்டிய இடமே அதுதான். 1972இல் வந்த சி-41 முறை ஃபிலிம்களின் ஆரஞ்சு நிறம், சியான், மெஜந்தா சாயங்களின் குறையை ஈடுகட்டச் சேர்க்கப்பட்டது. அதன் அடர்த்தி கம்பெனிக்குக் கம்பெனி, கழுவிய லேபுக்கு லேப் மாறும், வயதானாலும் மாறும். சாஃப்ட்வேரில் ஃபிலிம் பெயரைத் தேர்ந்தெடுப்பது வெறும் ஊகம். ஒளி படாத ஓரத்தில் தெரியும் ஆரஞ்சுதான் அந்தச் சுருளின் உண்மையான அளவு. அதை நிறமற்றதாக்கிவிட்டுத் திருப்பினால், முகங்களில் ஏறும் நீலமும் பச்சையும் பெருமளவு அடங்கிவிடும்.

அடுத்தது எண்கள். 11, 11ஏ, 12, 12ஏ என்று ஓரத்தில் ஓடும் எண்களை ஒரு கல்யாணச் சுருளில் படித்துப் பாருங்கள். நாலு நாலாக வெட்டிய பட்டைகள் கவரில் கலைந்து கிடந்தாலும், மாலை மாற்றியது எப்போது, தாலி கட்டியது எப்போது, மேடைக்கு யார் யாருக்குப் பின் வந்தார்கள் என்ற வரிசை அப்படியே திரும்பிவிடும். எழுத்துகள் நேராகப் படிந்தால் படமும் இடவலம் மாறாமல் இருக்கிறது என்று பொருள். ஓரத்தை வெட்டிய ஃபைலில் இதில் எதுவும் மிஞ்சாது.

துளைகள் வழியே வரும் வெளிச்சம் படத்தை வெளுக்கச் செய்யும் என்பது நியாயமான ஆட்சேபம். அதனால் இரண்டு முறை எடுங்கள். முதலில் பட்டை முழுவதையும் லைட் பேனலில் கிடத்தி, எழுத்துகள் தெரிய ஒரு படம். பிறகு ஹோல்டரில் ஒவ்வொன்றாக, எக்ஸ்போஷரையும் வைட் பேலன்ஸையும் மாற்றாமல். இரு படங்களுக்கு நடுவே உள்ள வெற்று இடத்தையும் அதே அளவில் ஒரு முறை எடுத்துவிடுங்கள். திருப்பாத ரா ஃபைலே மூலப்பிரதி. நாளை நல்ல சாஃப்ட்வேர் வந்தால் மறுபடி திருப்பிக்கொள்ளலாம்.

ஸ்கேனர்களில் உள்ள, தூசி நீக்கும் அகச்சிவப்பு வசதி வழக்கமான கருப்பு வெள்ளைக்கு உதவாது. ஊட்டியில் தயாரான இந்து ஃபிலிமோ வேறெதுவோ, உள்ளே இருக்கும் வெள்ளி அந்தக் கதிரையும் மறித்துவிடும். ப்ளோயரும் பொறுமையும்தான் வழி. பூஞ்சை பிடித்த நெகட்டிவில் தண்ணீர் படவே கூடாது. பூஞ்சை அரித்த ஜெலட்டின் கரைந்து, படமும் அதோடு போய்விடும்.

வேலை முடிந்ததும் நெகட்டிவைக் குப்பையில் போடும் வழக்கம் சில ஸ்டூடியோக்களில் தொடங்கியிருக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள். பட்டைகளைப் புதிய கவரில் போட்டு, எண்களை மேலே எழுதி, பென் டிரைவோடு சேர்த்து வாடிக்கையாளர் கையில் கொடுங்கள்.