பாதை போனாலும் பண்டம் நிலைக்கட்டும்

கிண்ணியாத் துறையடியிற் பாலம் அமையுமுன் மக்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்த்தது ‘பாதை’ எனப்படும் மிதவையே. 2009ஆம் ஆண்டில் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டது. பாதையின் பணி முடிந்தது. ஆயினும், அதில் ஏறிச்சென்ற நெல்லும் மீனும் உரிய வீடுகளைச் சேர்ந்தே இருந்தன.

எழுத்துலகிலும் இத்தகைய பாதைகள் உண்டு. இணைய உலாவியோடு பொருத்திக்கொள்ளும் ‘நீட்சி’ என்னுஞ் சிறு செயலி அவற்றுள் ஒன்று. பயர்பொக்ஸ் உலாவிக்கென வந்த ‘ஸ்கிரைப்பயர்’ பலரும் அறிந்தது. படிக்கும் பக்கத்தை மூடாமலே, அதே சாளரத்தின் கீழ்ப்பகுதியில் எழுத அது இடந்தந்தது. வலைப்பதிவின் முகவரியையும் கடவுச்சொல்லையும் ஒருமுறை கொடுத்தபின், ஒரு பொத்தானை அழுத்தியதும் கட்டுரை புளொக்கர், வேர்ட்பிரஸ் போன்ற தளங்களில் வெளியாயிற்று. ‘தமிழ்விசை’ என்னும் வேறொரு நீட்சி, உலாவியிலேயே தமிழில் தட்டெழுத உதவிற்று. அச்சகத்தை நாடாமலே கிராமத்து மாணவரும் தம் எழுத்தை உலகின் முன் வைக்க வழி பிறந்தது.

இவ்வசதியை நாம் போற்றுகிறோம். எனினும், அன்பர்கள் ஒன்றை மறத்தலாகாது. 2017 நவம்பரில் பயர்பொக்ஸின் 57ஆம் பதிப்பு வெளியானபோது, பழைய முறையில் அமைந்த நீட்சிகள் அதில் இயங்காமற் போயின. கட்டுரையைத் தாங்கும் தளங்களும் நிரந்தரமானவை அல்ல. ‘பொஸ்டரஸ்’ என்னும் வலைப்பதிவுத் தளம் 2013 ஏப்ரலில் மூடப்பட்டது. பிரதி எடுத்துவைத்தவர் பிழைத்தார், எடாதவர் இழந்தார்.

கிண்ணியா மாணவர் ஒருவர், 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கிய நாளைப் பற்றித் தம் பாட்டியார் கூறியதை எழுதுகிறார் என வைத்துக்கொள்வோம். அவ்வெழுத்து அழிந்தால், பாட்டியார் மறைந்தபின் அதனை மீண்டும் எவர் சொல்லக்கூடும்? ஓலை பழுதுறுமுன் வேறோர் ஓலையிற் படியெடுத்த நம் முன்னோர் இதனை நன்குணர்ந்திருந்தனர்.

ஆகவே, எழுதியதை வெளியிடுமுன் சொந்தக் கணினியில் ஒரு பிரதி வையுங்கள். புளொக்கரும் வேர்ட்பிரஸும் பதிவுகள் முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ள இடந்தருகின்றன. ஆண்டுக்கு இருமுறையேனும் அதனைச் செய்து, வேறொரு சேமிப்புக் கருவியிலும் வையுங்கள். சிறந்தவற்றைத் தாளில் அச்சிட்டுப் பாடசாலை நூலகத்துக்குக் கொடுங்கள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் மின்வடிவிற் பேணிவரும் ‘நூலகம்’ போன்ற முயற்சிகளையும் அறிந்துகொள்ளுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கணினியின் முன் அமரும் மாணவர்கள், முதலிற் பழைய பதிவுகளுக்குப் பிரதி எடுத்து, அதன்பின் புதியதைத் தொடங்குவார்களாக.