எண்சாண் உடம்புக்குப் பொன் முலாம் எதற்கு?

கோவளம் மீனவருக்குக் கயிறு அளக்க அளவுகோல் வேண்டாம். இரு கைகளையும் விரித்தால் ஒரு பாகம். பாகத்துக்கு 4 முழம். முழத்துக்கு 2 சாண். சாணுக்கு 12 விரல். ஆள் உயரமும் அதே எட்டுச் சாண்தான். எண்சாண் உடம்பு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

தெற்கே போனால் மாமல்லபுரம். 1957-இல் சிற்பக் கல்லூரி தோன்றிய ஊர். சிற்பிகள் உத்தம தசதாளச் சிலையின் உயரத்தை 124 பங்காக்கி, ஒரு பங்கை அங்குலம் என்கிறார்கள்.

இவற்றில் 1.618 என்ற 'பொன் விகிதம்' ஒளிந்திருப்பதாகச் சிலர் பெருமை பேசுகிறார்கள். எப்படி ஒளிந்திருக்கும்? நம்முடையது முழு எண் கணக்கு. பொன் விகிதமோ எந்த இரண்டு முழு எண்ணை வகுத்தாலும் அகப்படாதது. 8-ஐ 5-ஆல் வகுத்தால் 1.6 வரும். அது பக்கத்து வீடுதான். அதே வீடு அல்ல!

சண்டிகார் நகரை வகுத்த லெ கார்புசியே, உடல் அளவையும் பொன் விகிதத்தையும் சேர்த்து 1940-களில் ஓர் அளவுமுறை செய்தார். அவர் தெரிந்தே சேர்த்தார். நம் முன்னோர் மீது நாம் ஏன் ஏற்றிச் சொல்ல வேண்டும்?

மீட்டர் வந்தபின் பாகமும் தாளமும் மறைந்து வருகின்றன. இல்லாத பொன்னைத் தேடுவதை விட்டு, இருக்கிற கணக்கை மீனவரிடமும் சிற்பியிடமும் கேட்டு எழுதி வைப்போம். அதுவே உண்மையான பெருமை.