ஐரோப்பிய வரலாற்றுக் கலைச்சொற்களும் ஆம்பூர்த் தோல் தொழிலும்

முன்னுரை

ஐரோப்பிய வரலாற்றைத் தமிழில் பயிற்றும்போது, கலைச்சொல்லாக்கம் என்பது ஒரு சொல்லுக்கு ஈடாக மற்றொன்றை நிறுத்தும் பணியாகவே பெரிதும் கொள்ளப்படுகிறது. அச்சொல் சுட்டும் உற்பத்தி உறவு எது, உடைமை யாருடையது என்னும் வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பாலாற்றை ஒட்டி அமைந்த தோல் தொழில் வட்டாரம் இக்குறையை உணர்த்தும் களமாகும். இரு சொற்களைக் கொண்டு இதனை விளக்கலாம்.

கில்டும் சங்கமும்

இடைக்கால ஐரோப்பிய நகரங்களின் கைவினை அமைப்பான கில்டைச் 'சங்கம்' என்று பெயர்ப்பது பொருத்தமன்று. கில்டின் முழு உரிமை தொழில்தலைவருக்கே உரியது. தொழில் பழகுநரும் நாட்கூலி வினைஞரும் அவர்க்குக் கீழ்ப்பட்டோர். ஆம்பூர், வாணியம்பாடித் தொழிலாளர் அறிந்த சங்கமோ 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டவழி வந்த உழைப்பாளர் அமைப்பு. பிரான்சில் 1791 மார்ச்சில் கில்டுகள் ஒழிக்கப்பட்டன. அவ்வாண்டு ஜூனில் லெ ஷப்பலியே சட்டம் தொழிலாளர் ஒன்றுகூடிக் கூலி உயர்வு கோருவதைத் தடைசெய்தது. முன்னது தலைவர்களின் தனியுரிமையைப் பறித்தது; பின்னது உழைப்பாளரின் ஒற்றுமையைத் தடுத்தது. இரண்டையும் 'சங்கம்' என்னும் ஒரே சொல்லால் குறித்தால் இவ்வேறுபாடு மாணவர்க்குப் புலப்படாது.

'வணிகக் குழு' என்பதும் இதற்கு ஈடாகாது. சுமத்ராவில் 1088இல் தமிழ்க் கல்வெட்டு பொறித்த ஐந்நூற்றுவர் நாடு கடந்து இயங்கிய வணிகர். ஒரு நகரின் கைவினைத் தலைவர்கள் அல்லர். ஆகவே 'கில்டு' என்றே ஒலிபெயர்த்து விளக்கம் தருதல் நன்று.

குடிசைத் தொழில் என்னும் மயக்கம்

தொடக்க நவீனகால ஐரோப்பாவில் வணிகர் மூலப்பொருளைச் சிற்றூர் வீடுகளுக்குக் கொடுத்து, செய்துமுடித்த பொருளைக் கூலி தந்து திரும்பப் பெற்றனர். ஜெர்மானியர் இதனை 'ஃபெர்லாக்' என்றனர். முன்செலவிடுதல் என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து பிறந்த அச்சொல், முதலிட்டவர் யார் என்பதைத் தன்னுள்ளேயே கொண்டுள்ளது. இதற்குத் தமிழில் 'குடிசைத் தொழில்' என்று எழுதினால் உழைப்பிடம் மட்டுமே தெரிகிறது, உடைமையாளர் மறைந்துவிடுகிறார். தன் பொருளைத் தானே செய்து விற்கும் தற்சார்பு வினைஞர் என்னும் பிழையான தோற்றமும் எழுகிறது.

இத்தோற்றம் எத்துணைப் பிழையானது என்பதற்கு ஆம்பூரே சான்று. ஏற்றுமதிக் காலணியின் மேற்பகுதியாகிய 'அப்பர்' கைத்தையலுக்காக இடைத்தரகர் வழி வீடுகளுக்கு வருகிறது. பெண்கள் தைத்துக் கொடுத்து, ஜோடிக் கணக்கில் கூலி பெறுகின்றனர். தோலும் அவர்களுடையதன்று, காலணியும் அவர்களுடையதன்று. குடியாத்தம் பகுதியில் இலையும் தூளும் பெற்றுப் பீடி சுற்றும் பெண்களின் நிலையும் இதுவே. பீடித் தொழிலாளருக்கான 1966ஆம் ஆண்டுச் சட்டம், மூலப்பொருள் பெற்று வீட்டில் பீடி சுற்றுவோரையும் தொழிலாளர் என்னும் வரையறைக்குள் கொணர்ந்தது. காலணி தைக்கும் பெண்களுக்கு அத்தகைய தனிச்சட்டம் இல்லை. ஒருவரைத் தொழிலாளர் எனப் பெயரிடுவதிலேயே உரிமையின் முதற்படி அமைந்திருத்தலை இவ்வேறுபாடு காட்டுகிறது. 'குடிசைத் தொழில்' என்னும் பெயரோ அவ்வுரிமையைக் கோருவதற்கு எதிரே ஒருவரும் இல்லாதது போன்ற நிலையை உருவாக்குகிறது.

ஐரோப்பியச் சொல்லை இன்றைய ஆம்பூருக்குப் பொருத்துவது காலவழு என்று மறுக்கலாம். ஐரோப்பிய வணிகர் சிற்றூர்களை நாடியதற்கு நகரக் கில்டுகளின் கட்டுப்பாட்டைத் தவிர்ப்பதும் ஒரு காரணம். ஆம்பூரில் வீட்டுவேலை, தொழிற்சாலைக்கும் உலகச் சந்தைக்கும் உறுப்பாக நிகழ்கிறது. அங்கே தோல் தொழிலின்மீது படிந்த சாதி இழிவும் தனித்து ஆராயத்தக்கது. எனினும், மூலப்பொருள் ஒருவருடையது, உழைப்பு மற்றொருவருடையது என்னும் உறவு ஈரிடத்தும் பொதுவானது. கலைச்சொல் சுட்ட வேண்டியது அவ்வுறவையே, காலகட்டத்தை அன்று.

முடிவுரை

இம்முறையை 'ஒப்படைப்பு உற்பத்தி முறை' எனக் குறித்தல் தகும். மூலப்பொருளை ஒப்படைப்பவர் ஒருவர் உண்டு என்பதை இத்தொடர் மறைப்பதில்லை. இதனினும் சிறந்த சொல் தையல் நிகழும் வீடுகளிலேயே வழங்கக்கூடும். ஆகவே வரலாற்றுக் கலைச்சொல் தொகுப்போர் அகராதிகளுடன் தொழிற்களச் சொற்களையும் திரட்டுதல் வேண்டும். அவ்வாறு செய்யின், ஐரோப்பிய வரலாற்றைப் பயிலும் ஆம்பூர் மாணவி, தன் தாயின் உழைப்பையும் அதன் உரிய பெயரால் அறிவாள்.